ரெக்கவரி வாரத்தில் ஏன் இத்தனை சோர்வு? இது விசுவாசக் குறைவா?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயது 34. ஜனவரியில் சென்னை மாரத்தானில் முதல் தடவையாக ஃபுல் மாரத்தான் ஓடப்போகிறார். நாலே கால் மணி நேரத்தில் முடிக்க ஆசை. மூன்று வாரம் 50, 56, 62 கிலோமீட்டர் என்று ஏற்றிக்கொண்டு வந்து, நாலாவது வாரம் அட்டவணைப்படி 40-க்கு இறக்கியிருக்கிறார். அந்த வாரம்தான் பிரச்சினை. மாடிப்படி ஏறினாலே கால் கனக்கிறது. ஆறு கிலோமீட்டர் ஓடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. ஜெபிக்க உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது, தூக்கம் வராத நேரத்தில் மனம் வறண்டு கிடக்கிறது. ஓட்டம் குறைந்ததில் நேரம் மிச்சமானதால் புதன்கிழமை உபவாசம் இருந்தார், வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபத்துக்கும் போனார். அப்படியும் மாறவில்லை. வீட்டுக் கூட்டத்தில் ஒரு அண்ணன், "ஓடினாலும் இளைப்படையார்கள் என்று வசனம் இருக்கும்போது நீங்கள் இளைப்படைகிறீர்கள் என்றால், விசுவாசத்தில் எங்கோ குறை இருக்கிறது" என்று சொல்லிவிட்டார். லாங் ரன் (வாரத்தின் நீண்ட ஓட்டம்) ஞாயிறு அதிகாலையில் என்பதால் சில ஞாயிறு ஆராதனைக்குப் போக முடிவதில்லை. அதற்கான தண்டனையோ இது என்றும் தம்பிக்குப் பயம். ஓட்டத்தையே விட்டுவிடலாமா என்று கேட்கிறார்.

தம்பி, விட வேண்டாம். உங்களுக்கு வந்திருக்கும் சோர்வு தண்டனை இல்லை, விசுவாசக் குறைவும் இல்லை. அதற்கான காரணங்கள் பெரும்பாலும் நீங்கள் எழுதிய அந்த ஒரு பத்தியிலேயே இருக்கின்றன. உடம்பு விஷயத்தை முதலில் சொல்கிறேன், வேதத்துக்கு அப்புறம் வருகிறேன். நம் சபைகளில் இந்த வரிசையைத் தலைகீழாக வைப்பதால்தான் நிறையப் பேர் தேவையில்லாமல் கலங்கிப்போகிறார்கள்.

இப்படித் தூரத்தைக் குறைக்கிற இறக்க வாரத்தில் (ரெக்கவரி வாரத்தில்) அதிகமாகச் சோர்வது ரொம்பச் சாதாரணம். என்னோடு ஓடுகிறவர்கள் கடினமான வாரத்தில் போன் செய்து புலம்புவது அபூர்வம். இறக்க வாரத்தின் செவ்வாய், புதனில்தான் "அண்ணே, என்னமோ சரியில்ல" என்று கூப்பிடுவார்கள். காரணம் இதுதான். கிலோமீட்டர் ஏறும் வாரங்களில் உடம்பு ஒரு உசுப்பலிலேயே ஓடிக்கொண்டிருக்கும். அட்ரினலின், கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் சோர்வை மூடிவைத்திருக்கும். அதே நாட்களில் தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன, சர்க்கரைச் சேமிப்பு முழுதாக நிரம்புவதில்லை, நரம்பு மண்டலமும் களைத்திருக்கிறது. சுமையை இறக்கிய பிறகுதான் உடம்புக்குப் பழுது பார்க்க இடம் கிடைக்கிறது. அந்த வேலை நடக்கும்போது வீக்கமும் வலியும் கனமும் இருக்கத்தான் செய்யும். ஆக, மூன்று வாரமும் சேர்ந்துகொண்டே வந்த களைப்புதான் நாலாவது வாரத்தில் வெளியே தெரிகிறது. புதிதாக எதுவும் கெட்டுப்போகவில்லை.

கால் கனப்பதற்கு இன்னொரு எளிய காரணமும் உண்டு. ஓட்டம் குறைந்து, சாப்பாடு ஒழுங்காகப் போனால், தசையில் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு திரும்ப நிரம்புகிறது. ஒரு கிராம் கிளைக்கோஜன் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் இறக்க வாரத்தில் எடை ஒரு கிலோ கூடினால் பயப்படாதீர்கள், அது கொழுப்பு இல்லை. கால் சற்று உப்பினாற்போல, மந்தமாக இருப்பதும் இதனால்தான். பந்தயத்துக்கு முந்தைய வாரமும் இதே மாதிரி இருக்கும். அப்போது நீங்கள் கலங்கக் கூடாது என்பதற்காக இப்போதே சொல்லி வைக்கிறேன்.

ஓட்டக்காரர்கள் மனதில் ஏற்றிக்கொள்ளக் கஷ்டப்படுகிற ஒரு விஷயம் இது: ஓடும்போது உடம்பு பலம் பெறுவதில்லை, பலம் இழக்கிறது. ஓடி முடித்து, சாப்பிட்டு, தூங்குகிற நேரத்தில்தான் இழந்ததைவிடச் சற்று அதிகமாகக் கட்டிக்கொள்கிறது. கோடையில் கிணற்றை இறைத்துவிட்டால் ஊற விட வேண்டும். ஊறிக்கொண்டிருக்கும்போது மறுபடி மறுபடி வாளியைப் போட்டால் சேறுதான் வரும். அமெரிக்காவில் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் பில் பவர்மன் என்ற பயிற்சியாளர், ஒரு நாள் கடினம் என்றால் அடுத்த நாள் இலகு என்ற முறையைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தவர். அவரிடம் கென்னி மூர் என்று ஒரு மாணவர். இலகுவான நாளிலும் விடாமல் நீண்ட தூரம் ஓடி ஓடிக் களைத்துக் கிடந்தவர். பவர்மன் அவரைப் பிடித்து, மூன்று வாரத்துக்கு மெதுவாக மூன்று மைலுக்கு மேல் ஓடவே கூடாது என்று கட்டிப்போட்டார். மூரோ வயிறெரிந்தபடி அடங்கினார். மூன்று வாரம் கழித்து இரண்டு மைல் பந்தயத்தில் தன் பழைய நேரத்தைவிட 27 விநாடி குறைத்து ஓடினார். அதே மூர் 1972 மியூனிக் ஒலிம்பிக் மாரத்தானில் நாலாவதாக வந்தார்.

சரி, இப்போது உங்கள் வாரத்தைப் பார்ப்போம். தூரம் குறைவுதானே என்று ஈசி ரன்களை (இலகு ஓட்டங்களை) கிலோமீட்டருக்கு ஆறு நிமிடத்தில் ஓடியதாக எழுதியிருக்கிறீர்கள். நாலே கால் மணிக்கு மாரத்தான் முடிக்க வேண்டுமென்றால் கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் இரண்டு விநாடி. அப்படியானால் நீங்கள் ஈசி ரன் என்று ஓடியது பந்தய வேகத்தில். தூரத்தைக் குறைத்தீர்கள், ஆனால் கடுமையைக் கூட்டிவிட்டீர்கள். உங்களுக்கு ஈசி என்றால் ஆறே முக்காலிலிருந்து ஏழேகால் வரை. ஈரப்பதம் அதிகமான நவம்பர் காலையில் அதைவிட மெதுவாகப் போனாலும் தப்பே இல்லை. பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். தனியாக ஓடினால் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" சங்கீதத்தை மூச்சு இரைக்காமல் வாய்விட்டுச் சொல்ல முடிய வேண்டும். நான் பார்த்த அளவில் இதைவிட நம்பகமான ஹார்ட் ரேட் மானிட்டர் கிடையாது. கென்யாவில் மாரத்தானை இரண்டே கால் மணிக்குள் முடிக்கிறவர்கள்கூட இலகுவான நாளில் நம்மூர் ஆட்களுக்கே பொறுமை போகிற வேகத்தில்தான் தொடங்குகிறார்கள்.

அடுத்து அந்த உபவாசமும் முழு இரவு ஜெபமும். இதைக் கவனமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டும் எனக்கும் அருமையானவை. ஆனால் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை 26 கிலோமீட்டர் லாங் ரன். அதிலிருந்து மூன்றாவது நாள், தசை பழுதுபார்க்கும் வேலை மும்முரமாக நடக்கிற நேரத்தில், உடம்புக்குப் புரதமும் மாவுச்சத்தும் கொடுக்காமல் நிறுத்தினீர்கள். வெள்ளி இரவு தூங்கவில்லை. வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தின் முதல் சில மணி நேரத்தில். பழுது பார்ப்பதன் பெரும்பகுதி அப்போதுதான். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு, சாயங்காலம் எட்டு கிலோமீட்டர் ஓடியிருக்கிறீர்கள். ஆக, உங்கள் ரெக்கவரி வாரத்தில் ரெக்கவரியே நடக்கவில்லை. ஓட்டத்திலிருந்து மிச்சம் பிடித்ததையெல்லாம் வேறு உழைப்பில் செலவழித்துவிட்டீர்கள். உபவாசமும் கண்விழிப்பும் ஆவிக்குரிய காரியங்கள் என்பதற்காக உடம்பு அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் விடாது.

இதற்கு ஒரு உதாரணம் கண்முன்னே பார்த்தேன். எங்கள் குழுவில் ஒரு பள்ளி ஆசிரியர், சபையில் கொயரில் பாடுகிறவர். டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ். வீடு வீடாகப் பாடி, கொடுத்த கேக்கும் முறுக்கும் தின்று, இரவு இரண்டு மணிக்கு வீடு திரும்புவார். நாலரைக்கு ஷூ லேஸ் கட்டிக்கொண்டு நிற்பார். அட்டவணையில் அது இறக்க வாரம். 18 கிலோமீட்டர்தானே என்று வந்தார். திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் பக்கம் போனதும் ஓரமாக நின்று, ஒரு மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். காலில் காயம் எதுவும் இல்லை. கண்ணில் தண்ணீர். "ஏன் அழுவுறேன்னு தெரியலண்ணே" என்றார். வாழைப்பழமும் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறும் கொடுத்து, ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம். ரவுண்ட்ஸ் முடியும்வரை அதிகாலை ஓட்டமே வேண்டாம் என்று நிறுத்தி வைத்தோம். கிறிஸ்துமஸ் கழித்து வந்தவர் அந்த ஜனவரியில் ஹாஃப் மாரத்தானை நன்றாகவே முடித்தார்.

இங்கே எலியா தீர்க்கதரிசியைக் கொண்டுவர வேண்டும். ஓட்டக்காரனுக்கு அந்தப் பகுதியைப்போல வேறொன்று வேதத்தில் இல்லை என்பது என் எண்ணம். 1 இராஜாக்கள் 18-ஆம் அதிகாரம் முடிகிற இடத்தில், கர்மேல் மலையில் நாள் முழுக்க பாகாலின் தீர்க்கதரிசிகளை எதிர்த்து நின்ற பிறகு, மழை வருகிறது, ராஜாவான ஆகாப் ரதத்தில் ஏறுகிறான். "கர்த்தருடைய கையோ எலியாவின்மேல் இருந்ததினால், அவன் தன் அரையைக் கட்டிக்கொண்டு" யெஸ்ரயேல்வரை ரதத்துக்கு முன்னால் ஓடினான். கர்மேலின் கிழக்கு முனையிலிருந்து யெஸ்ரயேல் நேர்கோட்டிலேயே சுமார் 25 கிலோமீட்டர். அங்கே ஆகாபின் மனைவி யேசபேல் கொலை மிரட்டல் அனுப்புகிறாள். மனிதன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பெயெர்செபாவுக்குப் போகிறான். அது 150 கிலோமீட்டருக்கு மேல். அங்கும் நிற்காமல் இன்னும் ஒரு நாள் பயணம் வனாந்தரத்துக்குள். அதன் பிறகுதான் சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்கிறான், சாக வேண்டும் என்று கேட்கிறான்.

இந்தப் பயணத்தை ஒரு ஓட்டக்காரனின் டைரியாக வாசித்துப் பாருங்கள். முதல் நாள் உச்சக்கட்ட மன அழுத்தம், அன்றே லாங் ரன், பிறகு நாள் கணக்கில் நடை, தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, கூட இருந்த வேலைக்காரனையும் பெயெர்செபாவில் விட்டாயிற்று. இப்படி ஒரு டைரியை எந்தப் பயிற்சியாளரிடம் காட்டினாலும் அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லிவிடுவார். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த 25 கிலோமீட்டரும் கர்த்தருடைய கை அவன்மேல் இருந்ததால் ஓடியது. அவருடைய பலத்தால் ஓடிய ஓட்டத்துக்குப் பிறகும் அவன் உடைந்து விழுந்தான். அப்படியிருக்க, ஒரு அட்டவணையைப் பார்த்து ஓடிய உங்களுக்கும் எனக்கும் சோர்வு வந்தால் அதில் ஆச்சரியம் என்ன?

தேவன் அவனை எப்படி நடத்தினார் என்பதுதான் என் பதிலின் மையம். எலியாவுக்கு ஒரு கண்டனம் வரவில்லை. விசுவாசத்தைச் சோதித்துப் பார் என்று யாரும் சொல்லவில்லை. தூதன் தட்டியெழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டான், குடித்தான், திரும்பப் படுத்துக்கொண்டான். அந்த இரண்டாவது தூக்கத்துக்கும் யாரும் திட்டவில்லை. திரும்ப வந்து எழுப்பியபோது தூதன் சொன்னது, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்பது. பயணம் பெரியது, ஆகவே சாப்பிடு என்பதுதான் அங்கே கிடைத்த ஆலோசனை. "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வியும், அந்த மெல்லிய சத்தமும் நாற்பது நாள் கழித்து ஓரேப் மலையில்தான் வருகின்றன. அவன் மனதில் இருந்த குழப்பங்கள் உண்மையானவைதான், அவற்றுக்குப் பதிலும் கிடைத்தது. ஆனால் முதலில் அடை, தண்ணீர், தூக்கம். ஜெபத்தில் வறட்சியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு இப்போது நடக்க வேண்டியதும் இந்த வரிசையிலேயே நடக்கட்டும்.

உங்கள் வீட்டுக் கூட்டத்து அண்ணன் காட்டிய ஏசாயா 40-க்கு வருவோம். அவர் அன்பினால் சொல்லியிருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 31-ஆம் வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் அது ஒரு அளவுகோலாக மாறிவிடுகிறது. இரண்டு வசனம் முன்னால் போய் வாசியுங்கள்: "சோர்ந்துபோகிறவனுக்கு அவர் பெலன் கொடுத்து, சத்துவமில்லாதவனுக்குச் சத்துவத்தைப் பெருகப்பண்ணுகிறார்." அதற்கு அடுத்த வசனம், இளைஞர்கூட இளைப்படைவார்கள், வாலிபர்கூட இடறிவிழுவார்கள் என்று ஒத்துக்கொள்கிறது. அந்த வாக்குத்தத்தமே சோர்ந்துபோனவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. சிறைப்பட்டுப் போய், தேவன் நம்மை மறந்துவிட்டார் என்று நினைத்த ஜனத்துக்கு. புதுப்பெலன் அடைகிறவர்கள் யார் என்றும் அங்கேயே சொல்லியிருக்கிறது, கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்கள். ரெக்கவரி வாரம் என்பது ஓட்டக்காரனுக்குக் காத்திருக்கிற வாரம். ஓடாமல் இருக்கும்போதும் ஏதோ ஒன்று உள்ளே கட்டப்படுகிறது என்று நம்பி, கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டிய வாரம். 62 கிலோமீட்டர் ஓடுவதற்கு மன உறுதி போதும். 40 கிலோமீட்டரோடு நிறுத்துவதற்குத்தான் விசுவாசம் தேவைப்படுகிறது என்பது என் அனுபவம்.

சபையில் வேறு இரண்டு வசனங்களும் உங்கள்மேல் வரும், தயாராக இருங்கள். ஒன்று, "சரீர முயற்சி அற்ப பிரயோஜனமுள்ளது." பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது. ஓட்டம் தேவபக்திக்கு மேல் போய்விடக் கூடாது என்பதற்கு அது நல்ல எச்சரிக்கைதான், அதை நானும் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அதே கடிதத்தில் அடுத்த அதிகாரத்தில், அடிக்கடி பலவீனப்பட்ட அதே தீமோத்தேயுவிடம், வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று பவுல் எழுதுகிறார். உடம்பின் பலவீனத்துக்கு அப்போஸ்தலன் கொடுத்தது உடம்புக்கான மருந்து. இன்னொன்று, "என் சரீரத்தை ஒடுக்கிக் கீழ்ப்படுத்துகிறேன்." கொரிந்துவுக்குப் பக்கத்திலேயே இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இஸ்த்மியப் போட்டிகள் நடந்தன, அந்த ஊர்க்காரர்களுக்கு ஓட்டப்பந்தயம் நன்றாகத் தெரியும். ஆனால் அந்த அதிகாரம் முழுக்கப் பவுல் பேசுவது சுவிசேஷத்துக்காகத் தன் உரிமைகளை விட்டுக்கொடுப்பதைப் பற்றி. களைத்த காலை இன்னும் அடித்து ஓட்டுவதற்கு அதில் ஆதாரம் தேட முடியாது. உங்களைப் போன்றவர்களுக்குச் சரீரத்தை ஒடுக்குவது என்றால், வாட்சைக் கழற்றி வைத்துவிட்டு ஒன்பது மணிக்குப் படுப்பதுதான்.

விசுவாசம் இருந்தால் உடம்பு களைக்காது என்று நினைப்பவர்கள் ரையன் ஹாலின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். கலிபோர்னியாவின் பிக் பேர் லேக் என்ற மலை ஊரில் வளர்ந்தவர். 2007-இல் ஹூஸ்டனில் ஹாஃப் மாரத்தானை 59 நிமிடம் 43 விநாடியில் ஓடினார். ஒரு மணிக்குள் ஓடிய முதல் அமெரிக்கர் அவர். அந்தத் தேசிய சாதனை 2025 வரை நின்றது. 2011-இல் பாஸ்டனில் மாரத்தானை 2 மணி 4 நிமிடம் 58 விநாடியில் முடித்தார். ஒளிவுமறைவு இல்லாத கிறிஸ்தவர். பயிற்சியாளர் இல்லாமல், ஜெபித்துத் தானே தன் பயிற்சியைத் தீர்மானித்த காலத்தில், ஊக்கமருந்துப் பரிசோதனைப் படிவத்தில் பயிற்சியாளர் பெயர் கேட்ட இடத்தில் தேவன் என்று எழுதியவர். அப்படிப்பட்டவர் 2016 ஜனவரியில், 33 வயதில், தீராத சோர்வும் டெஸ்டோஸ்டிரோன் குறைவும் காரணமாக ஓய்வு பெற்றார். அவருடைய விசுவாசத்தைக் குறை சொல்ல யாருக்கும் தகுதியில்லை. பல வருடம் உச்சத்தில் ஓடிய உடம்பு அதன் எல்லைக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். அவருடைய விசுவாசம் ஓட்டத்தோடு முடிந்துபோகவும் இல்லை. "நாம் மண்ணென்று நினைவுகூருகிறார்" என்று 103-ஆம் சங்கீதம் சொல்கிறது. அவர் நினைவில் வைத்திருப்பதை நாம்தான் மறந்துவிடுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். முதலில் அந்தத் தண்டனைப் பயத்தை விட்டுவிடுங்கள். ஆராதனைக்கு வராதவன் காலைக் கனக்க வைக்கிற தேவனை நாம் ஆராதிக்கவில்லை. ஆனால் ஆராதனையை விடுவது உங்களை உறுத்துகிறது என்றால், அந்த உறுத்தலை மதியுங்கள். எரிக் லிடலை நினைக்காத கிறிஸ்தவ ஓட்டக்காரர் இருக்க மாட்டார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஓட மறுத்தார். அட்டவணை மாதக்கணக்கில் முன்பே தெரிந்ததால் 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்து, 47.6 விநாடியில் தங்கம் வாங்கினார், 200 மீட்டரில் வெண்கலம். பிறகு மிஷனரியாகச் சீனாவுக்குப் போனார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் நடத்திய வெய்சியன் முகாமில் அடைபட்டு, 1945 பிப்ரவரியில் மூளைக் கட்டியால் இறந்தார். எல்லோரும் பாரிஸைச் சொல்வார்கள். எனக்கு அந்த முகாமில் நடந்ததுதான் பெரிதாகப் படுகிறது. அடைபட்டுக் கிடந்த பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை ஹாக்கி ஆடி, கண்காணிக்க ஆளில்லாமல் சண்டை போட்டுக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓட மறுத்து உலகப் புகழ் பெற்ற அதே மனிதர், அடுத்த ஞாயிறு நடுவராகப் போய் நின்றார். "ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது" என்பதை இரண்டு பக்கமும் வாழ்ந்து காட்டியவர் அவர். தனக்காக விட்டுக்கொடுக்காததைப் பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்தார்.

உங்களுக்கு நடைமுறையில் என்ன செய்யலாம்? லாங் ரன்னைச் சனிக்கிழமைக்கு மாற்றுங்கள். குழுவோடு ஓட முடியாது என்பது இழப்புதான், ஒரே ஒரு துணை கிடைத்தாலும் போதும். சனிக்கிழமையும் வேலை என்றால், மூன்று ஏற்ற வாரங்களில் ஞாயிறு நாலு மணிக்குத் தொடங்கி ஏழுக்குள் முடித்து, குளித்து, சாப்பிட்டு ஆராதனைக்குப் போங்கள். பிரசங்கத்தில் கண் சொக்கினால் குற்ற உணர்வு வேண்டாம். இறக்க வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஷூவையே தொடக் கூடாது. ஆராதனை, மத்தியானச் சாப்பாடு, தூக்கம், பிள்ளைகளோடு நேரம். கென்யாவின் ஐடென் பக்கம் எத்தனையோ பேர் ஞாயிறு ஓடாமல் கோவிலுக்குப் போய்விட்டு வந்துதான் உலகச் சாம்பியன் ஆகிறார்கள். உங்கள் மனைவியும் பிள்ளைகளும் இந்த மூன்று மாதமாக உங்கள் அலாரத்துக்கு எழுந்துகொண்டிருக்கிறார்கள். அந்த ஒரு ஞாயிறு அவர்களுக்கும் ஓய்வு.

அடுத்த இறக்க வாரம் டிசம்பர் மூன்றாம் வாரம் வருமாறு அட்டவணையை மாற்றுங்கள். அப்போதுதான் கேரல் ரவுண்ட்ஸ் நடக்கும். ரவுண்ட்ஸுக்கு ஒரே ஒரு இரவு போங்கள், மறுநாள் ஓட்டம் கிடையாது. டிசம்பர் 31 இரவு ஆராதனைக்கும் போகலாம். அன்று மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்கிவிடுங்கள், ஜனவரி 1 முழு ஓய்வு. அந்தச் சமயத்தில் பந்தயத்துக்குச் சில நாட்களே இருக்கும், ஓடி ஆகப்போவது எதுவும் இல்லை. உபவாசத்தை மாரத்தான் முடியும்வரை வேறு வடிவத்தில் வையுங்கள். போனை விட்டு ஒரு நாள் இருங்கள், இல்லையென்றால் ஒரு வேளை சாப்பாட்டுச் செலவை ஏழை ஒருவருக்குக் கொடுங்கள். முழு இரவு ஜெபத்துக்குப் பதிலாக இரவு பத்து மணிவரை இருந்துவிட்டு எழுந்து வாருங்கள். உங்கள் பாஸ்டரிடம் முன்கூட்டியே காரணத்தைச் சொல்லுங்கள், பின்னால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஜெபம் வறண்டு கிடக்கிறது என்றீர்களே, அதைப் பெரிதாக்காதீர்கள். கெத்செமனேயில் சீஷர்கள் துக்கத்தினாலே தூங்கிப்போனார்கள் என்று லூக்கா எழுதுகிறார். மாம்சம் பலவீனமுள்ளது என்று ஆண்டவரே சொல்லிவிட்டார். புயலில் படகின் பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்கியவரும் அவர்தான். இந்த வாரம் ஒரு சங்கீதம் போதும். உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது என்றால், சாயங்காலம் இருபது நிமிடம் மெதுவாக நடந்துகொண்டே ஜெபியுங்கள். படுக்கையில் ஜெபித்துக்கொண்டே தூங்கிப்போனால் அதுவும் சரிதான். "தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்" என்று 127-ஆம் சங்கீதத்தில் இருக்கிறது.

சாப்பாட்டில் ஒரே ஒரு விஷயம். ஓட்டம் குறைந்த வாரத்தில் சாப்பாட்டையும் குறைக்காதீர்கள். சோறு, மீன், முட்டை, பருப்பு, முருங்கைக்கீரை, எல்லாம் வழக்கம்போலப் போகட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள், அது இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது.

ஏனென்றால் நான் சொன்ன எல்லாக் காரணமும் சரியாக இருந்தும், இதற்குக் கீழே ரத்தத்தில் ஏதாவது குறை இருக்கலாம். தூர ஓட்டக்காரர்களுக்கு வியர்வையிலும், பாதம் தரையில் மோதிச் சிவப்பணுக்கள் உடைவதிலும் இரும்புச்சத்து போகிறது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் சேமிப்பு காலியாகியிருக்கலாம். அதனால் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு), பி12, டி விட்டமின், தைராய்டு எல்லாம் பார்த்துவிடுங்கள். காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே நாடித்துடிப்பை எண்ணி எழுதி வையுங்கள். வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு அதிகமாகவே பல நாள் நின்றால், அதோடு தூக்கமும் கெட்டு, சிடுசிடுப்பும் வந்தால், இரண்டு வாரம் ஓய்வெடுத்தும் மாறாவிட்டால், அது வெறும் இறக்க வாரச் சோர்வு இல்லை, டாக்டரைப் பார்க்க வேண்டியது. நெஞ்சு அடைத்தாலோ, ஓடும்போது தலை சுற்றி மயக்கம் வந்தாலோ, ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

இந்த வாரத்தை வீணாகிப்போன ரெக்கவரி வாரமாக எடுத்துக்கொண்டு, வரும் வாரத்தையும் 40 கிலோமீட்டரிலேயே வையுங்கள். செவ்வாய், வியாழன் ஏழேகால் வேகத்தில் எட்டெட்டு கிலோமீட்டர், புதன் ஆறு, சனிக்கிழமை 18, ஞாயிறு ஓய்வு. வியாழன் ஓட்டத்தில் கால் லேசாகத் தெரிந்தால், அதற்கு அடுத்த வாரம் 56-க்குத் திரும்பலாம். நேரே 66-க்குத் தாவ வேண்டாம். ஒரு வாரம் போய்விட்டதே என்று கவலைப்படாதீர்கள், ஜனவரிக்கு இன்னும் இடம் இருக்கிறது. ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வந்ததும் ஃபெரிட்டின் அளவை எனக்கு எழுதுங்கள். 30-க்குக் கீழே இருந்தால் டாக்டர் சொல்கிறபடி மாத்திரையைத் தொடங்கிவிட்டு, டிசம்பர் அட்டவணையை நாம் உட்கார்ந்து மாற்றி எழுத வேண்டியிருக்கும்.